சூடம் அணைக்க ஒரு ஆள்

சாமி இல்லை என்று சொல்கிறவள் பொய்ச் சத்தியம் செய்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று கண்டுபிடித்தவர் என் அண்ணன். சிறுவாச்சூர் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் வைத்த குங்குமம் கலையாமல், பெரம்பலூரில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம். நான் அறிவியல் பாடம் நடத்திவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம்கூடக் கழுவியிருக்கவில்லை. கொண்டுவந்த பையிலிருந்து தேங்காய் மூடியை எடுத்து என் மகள் கையில் கொடுத்தார். "உள்ள போயி படிம்மா" என்று அவளை அனுப்பினார். அவள் போனதும் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணும் இல்ல பாப்பா. ஒரு நிமிஷ வேலைதான். நம்ம ஊரு அம்மன் கோயிலுக்கு வந்து, எங்கப்பா யாருக்கும் பாதை குடுக்கலன்னு சொல்லி சூடத்த அணைச்சுட்டுப் போயிடு. அந்தப் பொம்பள அதோட வாய மூடிக்குவா."

"அப்பா பாதை குடுத்தாரே அண்ணே."

"குடுத்தாரு. யாரு இல்லன்னா? அதனாலதான என்னால அணைக்க முடியல."

எத்தனை நேர்மை பாருங்கள். இப்படி ஒரு பதிலை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது, ஏனென்றால் அவர் விளையாடவில்லை.

எங்கள் ஊர் அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முந்திரிக்காடுகளுக்கு நடுவே இருக்கிற ஊர். அங்கே எழுத்தில் இல்லாத வழக்குகளுக்கெல்லாம் ஒரே தீர்ப்புதான். எல்லையிலிருக்கும் அம்மன் முன்னால் ஒரு வெற்றிலையில் சூடத்தை ஏற்றுவார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். அணைத்துவிட்டால் அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். பொய்யாக அணைத்தவனை அம்மன் பார்த்துக்கொள்வாள், அவன் கண் போகும், பிள்ளை போகும், வீட்டில் விளக்கு வைக்க ஆள் இருக்காது என்பது ஊர் நம்பிக்கை. கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவர்கள்கூட இந்தச் சூடத்தின் கிட்டே போக மாட்டார்கள்.

வழக்கு ஒரு வண்டிப்பாதையைப் பற்றியது. எங்கள் முந்திரிக்காட்டுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் காடு இருக்கிறது. புருஷன் இறந்துவிட்டார், மகன் எங்கோ வெளியூரில் கட்டட வேலைக்குப் போகிறான், அவள் ஒருத்திதான் காட்டைப் பார்த்துக்கொள்கிறாள். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். ரோட்டிலிருந்து அவள் காட்டுக்குப் போக எங்கள் காட்டு ஓரத்தைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு வறட்சியில் நாங்கள் புதிதாக வைத்த கன்றுகளெல்லாம் காய்ந்துகொண்டிருந்தபோது, அவள் புருஷன் தன் போர்வெல்லிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் விட்டார். அதற்குப் பதிலாகத்தான் அப்பா பாதை கொடுத்தார். எழுத்து ஒன்றும் கிடையாது. "இந்த ஓரமா வண்டி ஓட்டிக்கங்க. எங்க தலைமுறையில எவனும் தடுக்க மாட்டான்" என்று அப்பா சொன்னபோது நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அண்ணனும் நின்றுகொண்டிருந்தார். முள்ளை வெட்டிப் பாதையைத் திறந்துவிட்டவரே அவர்தான்.

அப்பா போய்ச் சேர்ந்தார். காட்டை மனையாகப் பிரித்து விற்கலாம் என்று யாரோ அண்ணன் காதில் போட்டுவிட்டார்கள். நடுவில் இன்னொருத்திக்குப் பாதை இருந்தால் வாங்குகிறவன் முகம் சுளிப்பான். உடனே கல் ஊன்றிக் கம்பி கட்டிவிட்டார். முந்திரிக்கொட்டை விழத் தொடங்கிய நேரம் பார்த்துக் கட்டினார். அதுவரை குட்டியானை வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போன மூட்டைகளை, அந்த அக்கா தலையில் தூக்கிக்கொண்டு, ஏரிக்கரை முள்ளுக்குள் சுற்றி ரோட்டுக்குக் கொண்டுவந்தாள். ஸ்டேஷனுக்குப் போனாள். கோர்ட்டுக்குப் போகச் சொன்னார்கள். கோர்ட்டுக்குப் போக அவளுக்கு யார் இருக்கிறார்கள்? கடைசியில் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, "பாதை குடுக்கலன்னு அவங்க வூட்டுல ஒரு ஆளு வந்து சூடத்த அணைக்கட்டும். நான் காட்டையே வித்துட்டுப் போயிடுறேன்" என்று சொல்லிவிட்டாள்.

அண்ணனால் முடியாது. அண்ணி விட மாட்டார். அவர்கள் மகளுக்கு அப்போது ஏழாவது மாசம். அந்த நேரத்தில் அண்ணிக்குத்தான் அந்த அபூர்வமான யோசனை வந்திருக்கிறது: குடும்பத்தில் சாமி கும்பிடாத ஆள் ஒருத்தி சும்மாதானே இருக்கிறாள்!

இதே அண்ணிதான் எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து, "சாமி பயம் இல்லாதவங்கள நம்பி ஒரு டம்ளர் தண்ணி வாங்கிக் குடிக்க முடியுமா?" என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தவர். நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தியதிலிருந்து, பொங்கலுக்குப் போனாலும் சரி, சாவுக்குப் போனாலும் சரி, யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விட்டதில்லை. சாமி இல்லையென்றால் எது உன்னைத் தடுக்கும்? நீ ஏன் திருடவில்லை? நீ ஏன் ஊரை ஏமாற்றவில்லை? கேட்கிறவர்கள் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருக்கும். அப்படியென்றால் இவர்கள் அனைவரும் திருடாமல் இருப்பது யாரோ பார்க்கிறார்கள் என்பதால் மட்டும்தானா என்று எனக்குப் பயமாக இருக்கும். நான் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லி நழுவிவிடுவேன். அன்றைக்கு நழுவ இடமில்லை.

"அண்ணே, எனக்கு சாமி இல்லதான். அந்த அக்கா இருக்காளே? அவ தலையில மூட்ட இருக்கே?"

"அத ஏன் இதுல இழுக்குற? உனக்கு இது வெறும் சூடம். நீயே எத்தன தடவ சொல்லியிருக்க. எங்களுக்குத்தான் அது தெய்வம். நாங்க தொட்டாத்தான் தப்பு."

அவர் சொன்னதை நான் இரவெல்லாம் புரட்டிப் பார்த்தேன். அவர் கணக்கில் பொய் என்பது அந்த அக்காவுக்குச் செய்கிற கெடுதலே இல்லை. அம்மனுக்குச் செய்கிற மரியாதைக் குறைவு, அவ்வளவுதான். அம்மனுக்குத் தெரியாமல் செய்ய ஒரு வழி கிடைத்தால் பொய் நல்ல காரியமாகிவிடுகிறது. இத்தனை வருஷம் விரதம், பால்குடம், தீமிதி என்று உடம்பை வருத்திய ஒரு மனிதர், பக்கத்துக் காட்டுக்காரியை ஒரு ஆளாகவே பார்க்காமல் இருந்திருக்கிறார். அதை நினைக்க நினைக்க எனக்கு எரிச்சலாக வந்தது.

எரிச்சல் அவரோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. என் கணவர் கணக்கு வாத்தியார். எனக்கு முன்பே சாமியை விட்டவர். தாலி, மந்திரம் எதுவுமில்லாமல் மாலை மட்டும் மாற்றிக்கொண்டு என்னைக் கட்டியவர். ஆனால் அவரும் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "யோசிச்சுப் பாரு, உங்க அண்ணன் கேக்குறதுல லாஜிக் இருக்கு. கற்பூரம் ஒரு கெமிக்கல். அதுமேல கைய வெச்சா என்ன, வெக்கலன்னா என்ன? மூடநம்பிக்கைய வெச்சு நடத்துற பஞ்சாயத்துல உண்மை என்ன, பொய் என்ன? போயி தட்டிட்டு வா. பொறந்த வீட்டோட எதுக்குப் பகை?"

நான் அவரைப் பார்த்தேன். அண்ணன் மீது வந்ததைவிட அதிகக் கோபம் அவர் மீது வந்தது. சாமியை விட்டுவிட்டால் போதும், மீதியெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று இருபது வயதில் நாங்கள் இரண்டு பேரும் நம்பியிருந்தோம். இப்போது அவர் பேச்சுக்கும் அண்ணன் பேச்சுக்கும் என்ன வித்தியாசம்? ஒருவர் பக்தியால் அந்த அக்காவை மறந்தார், இன்னொருவர் புத்தியால் மறந்தார். "சூடம் கெமிக்கல்தான். அவ கேக்குறது பாதை. அது கெமிக்கலா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் குறைந்தது. அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனார்.

என்னிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒழுக்கத்துக்கு அடிப்படை என்ன என்று யாராவது மேடை போட்டுக் கேட்டால் நான் திணறித்தான் போவேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: நான் அங்கே நின்றேன், அப்பா சொன்னது என் காதில் விழுந்தது. அதை விழவில்லை என்று சொன்னால் ஒருத்தி காட்டை விற்றுவிட்டுப் போக வேண்டும். மறுநாள் நான் வகுப்பில் நின்று, கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள் என்று பிள்ளைகளுக்குப் பரிசோதனை சொல்லிக் கொடுக்க வேண்டும். இதற்கு மேல் ஒரு காரணம் எதற்கு? யாரோ ஒருவர் மேலே இருந்து பார்த்தால்தான் இது தப்பாகுமா?

முடியாது என்று அண்ணனுக்குப் போனில் சொல்லியாயிற்று. அதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அந்த அக்காவே போன் செய்தாள்.

"தங்கச்சி, அமாவாசையன்னிக்கு நீ வந்து அணைக்கிறேன்னு ஒத்துக்கிட்டியாமே? உங்க அண்ணன் ஊருல சொல்லிட்டாரு."

நான் பேச வாயெடுப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"நானும் சம்மதம்னு சொல்லிட்டேன். அவதான் சாமி இல்லங்குறவளாச்சே, அவ அணைச்சா செல்லுமான்னு கேட்டாங்க. அவ நம்புனா என்ன, நம்பாட்டி என்ன, ஆத்தா அங்கதான குந்தியிருக்கா, பொய் சொன்னா யாரா இருந்தாலும் விடமாட்டான்னுட்டேன்." பிறகு அவளே சொன்னாள்: "ஆனா உனக்கு ஒத்தப் பொட்டப்புள்ள தங்கச்சி. யாரு பேச்சையோ கேட்டுக்கிட்டு வந்து அணைச்சுடாத. எம் பாதை போனாப் போவுது. நல்லா யோசிச்சுக்க."

போனை வைத்த பிறகும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவள் பிழைப்பே இதில் தொங்குகிறது. நான் பொய்யாக அணைத்து அழிந்து போனால்தான் அவள் வார்த்தை மெய்யாகும். அவள் கவலைப்பட்டது என் மகளைப் பற்றி. அம்மனை நம்புகிறவர்களில் இப்படியும் ஒருத்தி இருந்தாள், என் கூடப் பிறந்தவரும் இருந்தார். நம்பிக்கையை மட்டும் வைத்து நான் எப்படி ஆட்களைப் பிரித்துப் பார்ப்பது? அந்த அமாவாசைக்கு லீவு போட்டுவிட்டேன்.

பஸ் அரியலூர் தாண்டும்வரை சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னாலும் பின்னாலும் வந்துகொண்டிருந்தன. ஜன்னலைச் சாத்தியும் மூக்கெல்லாம் புழுதி. ஜெயங்கொண்டத்தில் இறங்கியதும் அண்ணன் பைக்கோடு நின்றார். முடியாது என்று சொன்ன தங்கச்சி வந்து நிற்கிறாளே, எதற்கு வந்திருக்கிறாள் என்று அவர் கேட்கவே இல்லை. வந்ததே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தார். எனக்கு அதை மறுக்கத் தோன்றவில்லை, தாகமாக இருந்தது.

கோயிலில் நல்ல கூட்டம். பூசாரி வெற்றிலையைத் தரையில் வைத்து அதில் சூடத்தை ஏற்றினார். அந்த அக்கா ஒரு ஓரமாக முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். அண்ணன் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டு அணைம்மா" என்றார் பூசாரி.

"அணைக்க மாட்டேங்க. சொல்ல மட்டும் வந்தேன்."

"அணைக்காம சொன்னா செல்லாதும்மா."

"செல்லுதோ செல்லலையோ, கேட்டுக்கங்க. எங்கப்பா பாதை குடுத்தாரு. தண்ணி விட்டதுக்குக் குடுத்தாரு. நான் பக்கத்துல நின்னேன். முள்ள வெட்டிப் பாதையத் திறந்தது எங்க அண்ணன். அவரே அங்க நிக்குறாரு, கேளுங்க."

யாரும் அண்ணனைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். சூடம் வெற்றிலையைக் கருக்கிவிட்டுத் தானாகவே அணைந்தது. அவ்வளவுதான், இனி உண்மை என்று ஒன்று ஊருக்குள் இருக்கும் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் பூசாரி குலவை போடச் சொன்னார்.

"பாத்தீங்களா? சாமி இல்லன்னவ வாயாலயே ஆத்தா உண்மையப் பேச வச்சுட்டா!"

பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ என் நெற்றியில் விபூதியை அப்பினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நான் தூங்காமல் கிடந்து, புருஷனோடு சண்டை போட்டு, கூடப் பிறந்தவரை ஊர் முன்னால் தலைகுனிய வைத்துச் சொன்னது அத்தனையும் ஒரு நொடியில் அம்மன் கணக்கில் போய்விட்டது. நான் பொய் சொல்லியிருந்தால் மட்டும் அது என் பொய். அப்போது ஆத்தா பேச வைத்தாள் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த அக்கா அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்தாள். "ஆத்தாதான் உன் நாக்குல வந்து குந்திட்டா தங்கச்சி."

"ஆத்தா இல்லக்கா, நான்தான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான், வுடு" என்றாள். அவளிடம் என்னால் கோபப்பட முடியவில்லை. அவள் போய்க் கம்பியைப் பிரிக்க ஆள் கூப்பிட்டாள்.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணன் நின்றார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. "ஆத்தா சித்தம் அப்படி இருந்தா நீ என்ன பண்ணுவ? போவுது வுடு. வா, சாப்புட்டுட்டுப் போவலாம்" என்றார். ஆத்தா சொன்னதாக வைத்துக்கொண்டால் அவருக்கு என்னோடு பகை இல்லை. நான் தலையை ஆட்டினால் போதும், பிறந்த வீட்டுக் கதவு திறந்தே இருக்கும். அந்த நேரத்தில்தான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. அதுவரை ஏன் வரவில்லை என்று இப்போதும் புரியவில்லை.

"அண்ணே, நீ ஆத்தா இருக்கான்னு நம்புற இல்ல?"

"என்ன கேள்வி இது?"

"பொய்யா அணைச்சா நம்புனவங்க, நம்பாதவங்கன்னு ஆத்தா பாப்பாளா?"

அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணிதான் அவசரமாகக் குறுக்கே வந்தார். என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார்.

"அதெல்லாம் யோசிக்காம இருப்பமா? உன் புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுன்னு உங்க அண்ணன் ஒரு கெடா நேந்துக்கிட்டாரு. அன்னிக்கு வெள்ளிக்கிழமையே, உன் வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே நேந்துக்கிட்டாரு."

நான் சாப்பிடவில்லை. நடந்தே ரோட்டுக்கு வந்து கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். பொய்ச் சத்தியம் எங்களை ஒன்றும் செய்யாது என்று அவர் நினைத்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். அவர் அப்படி நினைக்கவில்லை. என் மகள் சாகலாம் என்று மனதார நம்பிக்கொண்டு, அதற்கு ஒரு ஆட்டை ஈடு வைத்துவிட்டு, அவள் கையில் தேங்காய் மூடியைக் கொடுத்து உள்ளே அனுப்பியிருக்கிறார்.

ஆடி மாசம் அண்ணன் போன் செய்தார். கெடா வெட்டு என்றார். பொய்ச் சத்தியம் நடக்காவிட்டாலும் நேர்ந்துகொண்டது நேர்ந்துகொண்டதுதானாம், வைத்துக்கொள்ளக் கூடாதாம். என் மகள் பெயரில் நேர்ந்துகொண்டதால் அவள் வந்து விபூதி வாங்க வேண்டுமாம்.

"அவ நல்லா இருக்கணும்னுதான பாப்பா செய்யிறேன். வராம இருந்துடாத."

"அண்ணே, உன் கணக்குப்படியே பாப்போம். எம் மக இன்னிக்கு உசுரோட இருக்குறது எதனால? நான் பொய் சொல்லாததனால. உன் கெடாவால இல்ல."

"அப்படியெல்லாம் பேசாத பாப்பா, ஆத்தா கேட்டுக்கிட்டு இருப்பா."

"கேக்கட்டும்ணே. நான் அவளுக்குக் கேக்கட்டும்னு பேசல. உனக்குக் கேக்கட்டும்னுதான் பேசுறேன்."